மூன்று பச்சை விளக்குகளில் ஒன்று எரியாவிட்டால்: மடங்கும் சில்லுகள் கொண்ட சிறு விமானம் குறித்து

எழுதியவர்: வெள்ளவத்தை வானோடி

அனைவருக்கும் வணக்கம். இரத்மலானையில் செஸ்னா 152, 172 ஆகியவற்றில் பயிற்சி பெற்றுத் தனியார் விமானி அனுமதிப்பத்திரம் எடுத்தவன் நான். அந்த விமானங்களின் சில்லுகள் எப்போதும் கீழேயே நிற்பவை. அதனால் ரயரின் காற்று, பிரேக் எண்ணெய் ஆகியவற்றுக்கு அப்பால் சில்லுகளைப் பற்றி நான் பெரிதாக யோசிக்க வேண்டியிருந்ததில்லை. அடுத்த மாதம், மடங்கும் சில்லுகள் கொண்ட பைப்பர் அரோ வகை விமானத்துக்கு மாறும் பயிற்சியைத் தொடங்கவுள்ளேன். விமானக் கைநூலின் அவசரகாலப் பகுதியை வாசித்துவிட்டேன். படிமுறைகள் தெளிவாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு இடையில் ஒரு விமானி எடுக்க வேண்டிய முடிவுகளைக் கைநூல் சொல்வதில்லை.

சில்லுகளை இறக்கும் கியர் லீவரைக் கீழே தள்ளிய பின்னர், ஒவ்வொரு காலும் இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் மூன்று பச்சை விளக்குகளில் இரண்டு மட்டுமே எரிந்தால், எங்கே பறந்துகொண்டு, எவ்வளவு நேரம் முயன்று பார்ப்பது? எந்தக் கட்டத்தில் முயற்சியை நிறுத்தி, இருக்கும் நிலையிலேயே இறங்கத் தீர்மானிப்பது? சில்லுகள் சரியாக இறங்கவில்லை என்பது உறுதியானால் இரத்மலானையில் இறங்குவதா, கட்டுநாயக்க சர்வதேச விமான நிலையத்துக்குப் போவதா? புரொப்பெல்லரையும் இயந்திரத்தையும் காப்பாற்ற வேண்டுமானால் ஓடுபாதையை நெருங்கும்போதே இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும் என்று சிலர் சொல்லவும் கேட்டிருக்கிறேன். பயிற்சி முடிந்ததும் அம்மாவையும் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு பலாலிக்குப் போய்வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆகையால் தேர்வில் எழுதுவதற்கான விடை எனக்குப் போதாது. அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

எழுதியவர்: பழைய பயிற்றுநர்

தம்பி, நல்ல வேளையில் கேட்டிருக்கிறீர்கள். விமானத்தில் ஏறுவதற்கு முன்பே இவற்றைத் தீர்மானித்து வைத்திருப்பவரே மேலே அமைதியாக இருப்பார்.

இயந்திரம் ஓடுகிறது, எரிபொருள் இருக்கிறது, வானிலையும் தெளிவாக இருக்கிறது என்றால், எரியாத ஒரு விளக்கு உங்களை அவசரப்படுத்த முடியாது. இயந்திரம் நின்றாலோ தீப்பிடித்தாலோ யோசிக்க நேரம் கிடைக்காது. சில்லுக் கோளாறில் நேரம் உண்டு. அந்த நேரமே ஆபத்தாகவும் மாறும் என்பதைத்தான் நான் முதலில் சொல்ல விரும்புகிறேன். 1972 டிசம்பர் 29ஆம் திகதி இரவு மயாமியில் இறங்கவிருந்த ஈஸ்டர்ன் எயார்லைன்ஸ் 401 விமானத்தில் முன்சில்லுக்குரிய விளக்கு எரியவில்லை. விமானத்தை 2,000 அடியில் தானியங்கிச் செலுத்தியிடம் ஒப்படைத்துவிட்டு, விமானிகள் அறையில் இருந்தவர்கள் எல்லாரும் அந்த விளக்கிலேயே கவனமாக இருந்தனர். உயரத்தைப் பிடித்து வைத்திருந்த ஏற்பாடு விலகியதையும் விமானம் மெல்ல மெல்லக் கீழிறங்குவதையும் ஒருவரும் காணவில்லை. எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விமானம் விழுந்து 101 பேர் இறந்தனர். முன்சில்லு இறங்கியே இருந்தது. கெட்டுப்போயிருந்தது மின்குமிழ் மட்டுமே. ஆறு ஆண்டுகள் கழித்து, 1978 டிசம்பர் 28ஆம் திகதி, யுனைட்டெட் 173 விமானம் போர்ட்லண்ட் நகருக்கு மேலே சில்லுக் கோளாறை ஆராய்ந்தபடி ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் சுற்றியது. எரிபொருள் தீர்ந்து, ஓடுபாதைக்கு எட்டாமல் புறநகர்ப் பகுதியில் விழுந்து 10 பேர் இறந்தனர். இவ்விரண்டும் அனுபவம் மிக்க பல விமானிகள் சேர்ந்து ஓட்டிய பெரிய விமானங்கள். நீங்கள் அரோவில் தனியாக இருப்பீர்கள். பறப்பதற்கும் ஆராய்வதற்கும் ஒரே ஆள்தான்.

ஆகவே இறங்குவதற்காக விமான நிலையத்தைச் சுற்றி வரும் சுற்றுவட்டத்துக்குள் இருந்துகொண்டு விளக்கைப் பார்க்காதீர்கள். இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மேலேறுங்கள். கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் சொல்லி, அவர்கள் ஒதுக்கும் இடத்தில், இயன்றால் கடலோரமாக, 2,000 அடிக்குக் குறையாத உயரத்தில் நிதானமான வேகத்தில் பறவுங்கள். கியர் லீவர் கீழேயே இருக்கட்டும். அரோ மூன்றாம் மாதிரியில் சில்லுகள் வெளியே இருக்கையில் 129 நொட் வேகத்தைத் தாண்டக் கூடாது. உங்களுக்குக் கிடைக்கும் விமானத்தின் கைநூலில் அந்த எண் வேறாகவும் இருக்கலாம் என்பதால் அதைப் பார்த்துக் குறித்து வையுங்கள்.

அதன் பிறகு முதலில் பார்க்க வேண்டியது கருவிப் பலகையின் வெளிச்ச ஆளி. அரோவில் அந்த வெளிச்சத்தைப் போட்டால் பச்சை விளக்குகள் இரவுக்கு ஏற்றபடி மங்கிவிடும். பகல் வெயிலில் அவை எரிவதே தெரியாது. மூன்றும் ஒரேயடியாக எரியவில்லை என்று தோன்றினால் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒன்று மட்டும் எரியவில்லை என்றால், எரிகின்ற ஒன்றின் மின்குமிழைக் கழற்றி அந்த இடத்தில் மாட்டிப் பாருங்கள். மூன்றும் ஒரே வகையானவை. அங்கே எரிந்துவிட்டால் உங்கள் கோளாறு ஒரு மின்குமிழோடு முடிந்துவிட்டது.

எரியவில்லை என்றால், இயந்திர விசையைக் கட்டுப்படுத்தும் த்ரொட்டிலைக் குறைத்து எச்சரிக்கை ஒலி கேட்கிறதா என்று பாருங்கள். சில்லுகள் பூட்டப்படாத நிலையில் மனிஃபோல்ட் அமுக்கம் (இயந்திரத்துக்குள் போகும் காற்றின் அமுக்கம்) ஏறத்தாழ 14 அங்குலத்துக்குக் கீழே போனால் அந்த ஒலி எழும். ஒலியும் எழுந்து, சிவப்பு விளக்கும் எரிந்தால், ஏதோ ஒரு கால் பூட்டப்படவில்லை; அல்லது கால் பூட்டியதை உணர அதில் உள்ள மைக்ரோ சுவிட்ச் என்ற சிறு ஆளி அதை உணரவில்லை. மேலே இருந்துகொண்டு இவ்விரண்டையும் உறுதியாகப் பிரித்தறிய முடியாது. ஆகவே பூட்டப்படவில்லை என்றே கொள்ள வேண்டும்.

மின்னோட்டம் மிகும்போது தாமாக வெளியே வந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்க்கிட் பிரேக்கர்களை விரலால் தொட்டுப் பாருங்கள். கண்ணால் பார்ப்பது போதாது. 2011 நவம்பர் 1ஆம் திகதி வார்சோவில் போயிங் 767 ஒன்று 231 பேருடன், சில்லுகள் இல்லாமல் வயிற்றால் இறங்கியது. ஹைட்ரோலிக் கசிவுக்குப் பிறகு மாற்று முறையில் சில்லுகளை இறக்கியிருக்கலாம். அந்த முறைக்கு மின்சாரம் கொடுக்கும் பிரேக்கர் வெளியே வந்திருந்ததை ஒருவரும் காணவில்லை. தெய்வாதீனமாக ஒருவருக்கும் காயமில்லை. பிரேக்கர் ஒன்று வெளியே வந்திருந்தால் ஒரு தடவை உள்ளே தள்ளலாம். மறுபடியும் வந்தால் அதை விட்டுவிட வேண்டும், ஏனெனில் அது மின்கம்பி சூடேறுவதை உங்களுக்குச் சொல்கிறது.

அதுவும் பயன் தராவிட்டால் ஒரே ஒரு தடவை சில்லுகளை மேலே எடுத்துத் திரும்ப இறக்கிப் பார்க்கலாம். அடுத்தது சில்லுகளை அவசர முறையில் இறக்குவது. அரோவின் சில்லுகளை மேலே பிடித்து வைத்திருப்பது ஹைட்ரோலிக் அமுக்கம் மட்டுமே. அங்கே பூட்டு எதுவும் கிடையாது. வேகத்தை 87 நொட்டுக்குக் கீழே குறைத்து அவசர லீவரை அழுத்தினால் அமுக்கம் விடுபட்டு, மூன்று கால்களும் தம் பாரத்தாலேயே விழும். வேகம் கூடவிருந்தால் எதிர்க்காற்று முன்காலைப் பூட்டவிடாமல் பின்னே தள்ளும். ஆகையால் அந்த எண்ணை அலட்சியம் செய்யாதீர்கள். பூட்டாத கால் பக்கவாட்டுக் காலாக இருந்தால் சுக்கானால் விமானத்தை இடமும் வலமும் சற்று வலுவாகத் திருப்புங்கள்; அந்த அசைவில் பூட்டிக்கொள்ளும். இப்படி ஒரு வழியாக மூன்று பச்சையும் வந்துவிட்டால், லீவரைத் திரும்பத் தொடாமல் நேரே வந்து இறங்குங்கள்.

எப்போது நிறுத்துவது என்று கேட்டீர்கள். அந்த முடிவைக் கோளாறு தொடங்கிய உடனேயே எடுத்து, முழங்காலில் கட்டியிருக்கும் தாளில் ஒரு நேரத்தை எழுதிவிடுங்கள். அரோ மணிக்கு ஏறத்தாழ 10 கலன் குடிக்கும். ஒரு மணித்தியாலத்துக்குரிய எரிபொருள் மிச்சமிருக்கையிலேயே ஓடுபாதையில் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. கொழும்பில் ஆண்டு முழுவதும் சூரியன் மாலை 6 மணியை ஒட்டியே மறைகிறது; ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடிமழை கட்டும். எரிபொருள், வெளிச்சம், மழை ஆகிய மூன்றில் எது முந்துகிறதோ அதுவே உங்கள் எல்லை.

கைநூலில் பலர் வேகமாகக் கடந்துபோகும் இன்னொரு நிலையும் உண்டு. புறப்பட்ட பிறகு சில்லுகள் மேலே வர மறுத்தால், அவற்றை மேலே எடுப்பதற்காகப் போராடாதீர்கள். கீழே நிற்கும் சில்லுகளோடு திரும்பி வந்து இறங்குங்கள். பலாலிப் பயணம் இன்னொரு நாளைக்கு இருக்கும்.

எழுதியவர்: ஹங்கர் பக்கம்

நான் விமானப் பராமரிப்புப் பொறியியலாளர். சிறு விமானங்களின் கால்களுக்குக் கீழேதான் என் வேலைநாளின் பெரும்பகுதி கழிகிறது. பயிற்றுநர் ஐயா சொன்னவற்றில் ஒன்றை மட்டும் எச்சரிக்கையோடு ஏற்றுக்கொள்கிறேன். சில்லுகளை ஒரு தடவை மேலே எடுத்துத் திரும்ப இறக்குவது, சில்லுகளை இயக்கும் ஹைட்ரோலிக் பம்பின் ஓசை வழமைபோல இருக்கும்போது மட்டுமே செய்யத்தக்கது. எண்ணெய் கசிந்துகொண்டிருந்தாலோ, இறங்கும்போது உலோகம் உரசும் சத்தமோ இடிக்கும் சத்தமோ கேட்டிருந்தாலோ, ஏற்கனவே பூட்டப்பட்ட இரண்டு கால்களையும் இழக்கும் அபாயம் அதில் உண்டு. மேலே போன கால் அங்கேயே சிக்கிக்கொண்டால் முன்பிருந்ததைவிட மோசமான நிலையில் நிற்பீர்கள். பம்ப் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பது கோளாறு எங்கே என்று அறிய உங்களுக்குக் கிடைக்கும் தெளிவான தடயம். அரோவில் மூன்று கால்களின் மைக்ரோ சுவிட்சுகளும் அழுத்தப்பட்ட பிறகே பம்ப் நிற்கும். அது ஓடிக்கொண்டிருந்தால் கோளாறு மின்குமிழில் இல்லை.

இரத்மலானையில் விமானம் வைத்திருப்பவர்கள் கடலை மறக்கக் கூடாது. ஓடுபாதையின் தென்மேற்கு முனைக்கு அப்பால் காலி வீதி, அதற்கு அப்பால் கடல். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் உப்பு ஈரம் ஹங்கருக்குள்ளேயே வந்துவிடும். மைக்ரோ சுவிட்சின் தொடுமுனைகளில் பச்சையாகப் பூக்கும் களிம்பு, கால்மூட்டுகளில் காய்ந்து மணலோடு இறுகிய கிறீஸ், தரையை உணரும் சுவிட்சின் (விமானம் தரையில் நிற்கையில் சில்லுகள் மடங்காமல் தடுப்பது) இணைப்பில் துரு ஆகியவற்றைத்தான் நான் திரும்பத் திரும்பக் காண்கிறேன். விமானிகள் ஹைட்ரோலிக் பம்பைப் பற்றி அதிகம் கேட்கிறார்கள்; நான் பார்த்தவரையில் கோளாறு பெரும்பாலும் விரல்நகம் அளவான ஒரு சுவிட்சிலோ அதற்குப் போகும் கம்பியிலோதான் இருக்கும்.

பறப்பதற்கு முன்னர் விமானத்தைச் சுற்றி வரும்போது குனிந்து பாருங்கள். ஹைட்ரோலிக் எண்ணெய் சிவப்பாக இருக்கும். காலிலோ தரையிலோ சிவந்த துளி கண்டால் துடைத்துவிட்டுப் போகாமல் எங்களைக் கூப்பிடுங்கள். அதிர்ச்சி தாங்கும் ‘ஒலியோ’ வகைக் காலின் பளபளப்பான உட்தண்டு எவ்வளவு வெளியே தெரிய வேண்டும் என்று கைநூலில் இருக்கிறது. அது அமுங்கிப்போய் இருந்தால் நைதரசன் குறைந்துவிட்டது. தரையை உணரும் சுவிட்சும் அதனால் தவறாக நடந்துகொள்ளலாம். அந்த சுவிட்ச் இருக்கிறது என்ற நம்பிக்கையில் தரையில் நிற்கும்போது கியர் லீவரைத் தொட்டு விளையாடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கேள்வி கேட்ட சகோதரர், மடங்காத சில்லுகளைப் பற்றிப் பெரிதாக யோசிக்க வேண்டியிருந்ததில்லை என்று எழுதியிருந்தார். செஸ்னா 172 விமானத்தின் முன்கால் இயந்திரத்துக்குப் பின்னால் உள்ள தீத்தடுப்புச் சுவரில் பொருத்தப்பட்டிருக்கிறது. வேகம் கூடிய நிலையில் முன்சில்லை முதலில் ஊன்றி, துள்ளி, மறுபடியும் ஊன்றும் ஒவ்வொரு தரையிறக்கமும் அந்தச் சுவரைத்தான் வளைக்கிறது. இறங்கி ஓடும்போது முன்சில்லு கடகடவென்று அதிர்ந்தால் அதிர்வு தணிப்பானில் எண்ணெய் குறைந்திருக்கலாம், அல்லது இணைப்புகள் தேய்ந்திருக்கலாம். பயிற்சி மாணவர்கள் இதைப் பெரும்பாலும் பதிவேட்டில் எழுதுவதில்லை. அடுத்து அந்த விமானத்தில் ஏறப்போகிறவரை நினைத்தாவது எழுதி வையுங்கள்.

ஒவ்வொரு விமானத்தின் அவசர முறையும் வெவ்வேறு என்பதையும் கவனியுங்கள். சில்லு மடங்கும் செஸ்னா 172 வகையில் முன்னிருக்கைகளுக்கு நடுவே கைப்பம்ப் ஒன்று உண்டு. கை கனக்கும்வரை ஏறத்தாழ 35 தடவை அடிக்க வேண்டும். பீச்கிராஃப்ட் பொனான்சாவில் முன்னிருக்கைகளுக்குப் பின்னே உள்ள கைப்பிடியை ஏறத்தாழ 50 சுற்றுச் சுற்ற வேண்டும். ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் தானாக வேலை செய்யாது.

எழுதியவர்: கோபுரத்தில் இருந்தவன்

வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில், விமானிகள் எங்களிடம் தாமதமாகச் சொல்வதே எனக்கு இருந்த பெரிய கவலை என்று சொல்ல விரும்புகிறேன். ‘சிறிய விடயம்தானே, நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று சுற்றிக்கொண்டிருப்பார்கள். முதல் விளக்கு எரியாதபோதே சொல்லிவிட்டால், மற்ற விமானங்களை ஒதுக்குவதற்கும், தீயணைப்புப் பிரிவைத் தயாராக வைப்பதற்கும், தொலைபேசியில் ஒரு பொறியியலாளரைப் பிடித்து உங்கள் கேள்விகளை அவரிடம் கேட்பதற்கும் எங்களுக்கு நேரம் கிடைக்கும். ஆராயும் கட்டத்தில், உடனடி ஆபத்து இல்லாத அவசரத்தைக் குறிக்கும் ‘பான் பான்’ என்று அழைத்தால் போதும். சில்லுகள் இல்லாமல் இறங்குவது என்று முடிவானதும், ஆபத்தில் இருப்பதைக் குறிக்கும் ‘மேடே’ என்று சொல்லத் தயங்க வேண்டாம். எத்தனை பேர் இருக்கிறீர்கள், எவ்வளவு நேரத்துக்கு எரிபொருள் இருக்கிறது என்ற இரண்டையும் கேட்காமலே சொல்லிவிடுங்கள். கோபுரம் கேட்கும் கேள்விக்கு அந்தக் கணமே பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ‘பொறுங்கள்’ என்று சொல்லிவிட்டு விமானத்தை ஓட்டுங்கள்.

தாழப் பறந்து கோபுரத்துக்குக் காட்டுவதைப் பலர் பெரிதாக நம்புகிறார்கள். தொலைநோக்கியால் பார்த்து ஒரு கால் தொங்குகிறதா, மேலேயே இருக்கிறதா என்று நாங்கள் சொல்லலாம். அது பூட்டப்பட்டிருக்கிறதா என்று சொல்ல எவராலும் முடியாது. ‘மூன்றும் கீழே இருப்பதாகத் தெரிகிறது’ என்று கோபுரம் சொன்னாலும், எரியாத விளக்குக்குரிய கால் ஓடுபாதையில் மடங்கலாம் என்ற தயார்நிலையிலேயே இறங்க வேண்டும். அப்படிக் காட்டுவதாக இருந்தால் ஒரு தடவை போதும். தாழ்வாகவும் மெதுவாகவும் திரும்பத் திரும்பச் சுற்றுவது வேறோர் ஆபத்தை வரவழைக்கும்.

இரத்மலானையா கட்டுநாயக்கவா என்ற கேள்விக்கு என் கருத்து இது. அரோ போன்ற விமானம் வயிற்றால் இறங்கினால் சறுக்கும் தூரம் குறைவு. இரத்மலானையின் 1,833 மீற்றர் ஓடுபாதை அதற்குத் தாராளம். ஓடுபாதைத் திசை 04 (வடகிழக்கு நோக்கி), 22 (தென்மேற்கு நோக்கி) என்பதால் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் 22இல் இறங்கும்போது காற்று பெரும்பாலும் நேர் எதிரே இருக்கும்; பக்கக்காற்றுத் தொல்லை குறையும். பெல்லன்வில, அத்திடிய சதுப்பு நிலத்துக்கு மேலாக வருவதால் பறவைகளைக் கவனியுங்கள். நீங்கள் பழகிய ஓடுபாதை என்பதும் சிறிய அனுகூலமன்று. கட்டுநாயக்கவில் 3,350 மீற்றர் நீளமும், அகன்ற உடலுடைய விமானங்களுக்கு ஏற்ற தீயணைப்பு ஏற்பாடும் உண்டு. ஆனால் அங்கே நீங்கள் ஓடுபாதையில் படுத்துவிட்டால் நாட்டின் பிரதான சர்வதேச விமான நிலையம் உங்கள் விமானத்தை அகற்றும்வரை நின்றுபோகும். அதற்காக எவரும் உங்களை வேண்டாம் என்று தடுக்கப் போவதில்லை. அவசரநிலையில் முடிவு விமானியுடையது. பின்னே காத்திருக்கும் விமானங்களை எண்ணி நீங்கள் சங்கடப்படவும் கூடாது. பகல் வெளிச்சமும் நல்ல வானிலையும் இருந்தால் நான் இரத்மலானையையே சொல்வேன். இருட்டிவிட்டாலோ, விமானத்தில் காயமடைந்தவரோ நோயாளியோ இருந்தாலோ, தீயணைப்பும் அம்புலன்சும் அதிகமுள்ள இடத்துக்குப் போங்கள்.

எழுதியவர்: வெள்ளவத்தை வானோடி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. எரிபொருளையும் நேரத்தையும் முன்கூட்டியே தாளில் எழுதுவது என்பது கைநூலில் நான் காணாத ஒன்று. பயிற்சியின் முதல் நாளிலிருந்தே அதைச் செய்யப் போகிறேன். இரண்டு விடயங்களை மட்டும் விளக்குவீர்களா? வயிற்றால் இறங்குவது என்று முடிவான பின், இயந்திரத்தை எப்போது நிறுத்துவது? ஒரு பக்கவாட்டுக் கால் மட்டும் மேலே நின்றுவிட்டால், மற்ற இரண்டையும் என்ன செய்வது? ஏறிய பிறகு அம்மாவையும் அப்பாவையும் எங்கே உட்காரவைப்பது என்பதுகூட எனக்கு முக்கியமாகத்தான் படுகிறது.

எழுதியவர்: பழைய பயிற்றுநர்

பொறியியலாளர் சொன்ன நிபந்தனை மிகவும் பொருத்தமானது. அதையும் சேர்த்தே வாசியுங்கள். ஒரு தடவைக்கு மேல் வேண்டாம் என்று நான் எழுதியதும் அந்தக் காரணத்துக்காகத்தான்.

இயந்திரத்தைப் பற்றி. சில்லுகள் கீழே இல்லை என்று முடிவான அந்தக் கணத்தில் விமானம் காப்புறுதிக்காரருடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடையவர்கள் உள்ளே இருப்பவர்கள் மட்டுமே. 500 அடியில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, புரொப்பெல்லர் இதழைக் கிடையாகக் கொண்டுவர ஸ்டார்ட்டரைத் தட்டிக்கொண்டிருப்பவர், வேகத்தையும் உயரத்தையும் ஓடுபாதையையும் ஒருசேர இழக்கக்கூடியவர். குறுக்கே ஒரு வாகனம் வந்தாலோ காற்று தூக்கிப்போட்டாலோ திரும்ப மேலேற அவருக்கு வழியில்லை. ஓடுபாதைக்கு மேலே வந்து, இறங்குவது உறுதியான பிறகு, எரிபொருள் கலவைக் கைப்பிடியை முழுதாக இழுத்து, எரிபொருள் வால்வையும் இக்னிஷனையும் அடைத்து, மின்சாரத்துக்கான மாஸ்டர் ஆளியை அணைத்தால் போதும். அவற்றில் ஏதேனும் விடுபட்டாலும் பறப்பதை விட்டுவிட்டு அதைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். வேகம் குறைந்த நிலையில், மூக்கைச் சற்றே உயர்த்தி, இறக்கைகளைச் சமமாக வைத்து, ஓடுபாதையின் நடுக்கோட்டில் மெதுவாகப் படுக்கவிடுங்கள். மிக மெதுவாக வரவேண்டும் என்று எண்ணி ஓடுபாதைக்கு மேலே தூக்கு விசையை இழந்து விழுவதுதான் முதுகெலும்பை முறிக்கும்.

பக்கத்தில் புல்வெளி இருந்தால் அதில் இறங்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. புல்லுக்குக் கீழே இருக்கும் மண் மழைக்காலத்தில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு முனை புதைந்தால் விமானம் சுழன்றுவிடும். தார் மீது சறுக்கும்போது தீப்பொறி பறந்தாலும் அது நேரே போகும்.

ஒரு பக்கவாட்டுக் கால் மட்டும் மேலே நின்றால், கைநூல் அனுமதிக்கும்போது மற்ற இரண்டையும் மேலே எடுத்துச் சமமாக வயிற்றால் இறங்குவதையே நான் விரும்புகிறேன். ஒரு பக்கம் சில்லும் மறுபக்கம் இறக்கை நுனியுமாக இறங்கினால் விமானம் ஓடுபாதையை விட்டு வெளியே திரும்பும். சில்லுகளை அவசர முறையில் இறக்கிவிட்டதால் அவற்றைத் திரும்ப எடுக்க முடியாமல் போனால், கோளாறான கால் உள்ள பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக ஓடுபாதை ஓரத்தில் இறங்கி, இயன்றவரை இறக்கையை உயர்த்திப் பிடித்து, அது விழும்போது நடுவை நோக்கித் திரும்பும்படி விடுங்கள். ரயர் ஒன்று வெடித்திருந்தாலும் இதே முறைதான். முன்சில்லு மட்டும் இறங்காதபோது மூக்கை இயன்றவரை உயர்த்தி வைத்திருந்து, வேகம் முழுதும் குறைந்த பிறகு மெல்ல இறங்க விட வேண்டும். பிரேக்கைத் தொடக் கூடாது.

அம்மா, அப்பா விடயம். அரோவின் முன்கதவு வலப்பக்கத்தில் ஒன்றுதான் உள்ளது. அந்தக் கதவைத் திறக்கத் தெரிந்தவர், சட்டென்று இறங்கக்கூடியவர் வலது முன்னிருக்கையில் இருக்க வேண்டும். உங்களுக்கும் அவருக்குப் பின்னால்தான் வழி. புறப்படும் முன்பே கதவின் மேற்கொளுவியையும் பக்கக் கொளுவியையும் அவர் தம் கையாலேயே திறந்து பழகட்டும். வயிற்றால் இறங்கும்போது, ஓடுபாதையை நெருங்குகையில் கதவைச் சற்றே திறந்து, இடையில் ஒரு துணியையோ பாதணியையோ செருகச் சொல்லுங்கள். உடல் வளைந்து கதவு இறுகிவிடாமல் இருப்பதற்காகத்தான் அது. பேனா, மூக்குக்கண்ணாடி, ஹெட்செட் கம்பி எல்லாம் எடுத்து வைக்கப்பட வேண்டும்; ஆசனப் பட்டி இடுப்பிலே இறுக்கமாக இருக்க வேண்டும். நின்றதும் விமானத்தின் பின்பக்கமாக, காற்று வரும் திசைக்கு விலகிப் போகச் சொல்லுங்கள். அம்மா கைப்பையைத் தேடாமல் இருப்பதற்காக இதை முன்பே ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லிவைப்பது நல்லது.

எழுதியவர்: ஹங்கர் பக்கம்

இயந்திரத்தை நிறுத்துவது குறித்து ஒரு சேர்க்கை. புரொப்பெல்லர் நின்ற நிலையில் தரையைத் தொட்டாலும் சுழன்றபடி தொட்டாலும் பரிசோதனை இல்லாமல் அந்த இயந்திரத்தைத் திரும்ப ஓட்ட முடியாது. விமான இயந்திரங்களைச் செய்யும் லைக்கோமிங் நிறுவனத்தின் 533ஆம் இலக்கக் கட்டாயச் சேவை அறிவித்தல் புரொப்பெல்லர் அடிபட்ட இயந்திரத்தைப் பற்றியது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் 2004-10-14 இலக்கக் கட்டளை, அப்படி அடிபட்ட இயந்திரத்தின் கிராங்க் தண்டுக் கியரையும் அதைப் பிடிக்கும் போல்ட்டையும் பரிசோதிக்கச் சொல்கிறது. ஆகவே கடைசி நிமிடத்தில் இயந்திரத்தை நிறுத்தி மிச்சப்படுத்துவதாக நினைக்கும் பணம் பெரும்பாலும் மிச்சமாவதில்லை. விமானம் நின்ற பிறகு, விசாரணை அதிகாரிகள் சொல்லும்வரை எவரும் அதை நகர்த்தவோ கியர் லீவரையும் பிரேக்கர்களையும் மாற்றி வைக்கவோ கூடாது.

சகோதரரே, உங்கள் பயிற்சி நிலையத்திடம் கேட்டு, அடுத்த 100 மணித்தியாலப் பரிசோதனைக்காக அரோவை ஜக்கில் ஏற்றும் நாளில் ஹங்கருக்குப் போய்விடுங்கள். பம்பின் சர்க்கிட் பிரேக்கரை இழுத்துவிட்டு அவசர லீவரால் கால்களை விழவைக்கும்போது அவை எழுப்பும் சத்தத்தையும், ஒவ்வொன்றும் பூட்டிக்கொள்ள எடுக்கும் நேரத்தையும், எந்த விளக்கு முதலில் வருகிறது என்பதையும் பக்கத்தில் நின்று பாருங்கள். முடிந்தால் உள்ளே உட்கார்ந்து அந்த லீவரை நீங்களே ஒரு தடவை அழுத்த அனுமதி கேளுங்கள். பெரும்பாலான பொறியியலாளர்கள் மறுக்க மாட்டார்கள்.